துறைமுக நகரில் குடிக்கூலி வாழ்க்கை

வீடு என்று சொன்னவுடனே நம் நினைவில் தோன்றுவது சொந்த வீடே. 'எங்கள் வீடு' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், மாணவர்களுள் பெரும்பாலோர் பாட்டனார் கட்டிய வீட்டைப் பற்றியும் அதன் கொல்லையில் நிற்கும் மாமரத்தைப் பற்றியும் எழுதுவார்கள். குடிக்கூலி வீட்டில் வளரும் மாணவனோ, அதனை 'எங்கள் வீடு' என்று எழுதச் சற்றே தயங்குவான். ஆசிரியப் பணியில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டுவதில்லை என்பதைச் சொல்லவே இன்று முற்படுகிறேன். ஒரு வீட்டை உடைமையாக்குவது பத்திரம்; அதனை வீடாக நிலைநிறுத்துவது, அதில் வாழ்வோரின் பேணுதல். இரண்டும் வேறு வேறு.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கல்வியின் பொருட்டோ பணியின் பொருட்டோ அயலூர் செல்வீர்கள். அங்கே குடிக்கூலிக்கு ஓர் அறையோ வீடோ பார்ப்பீர்கள். வீடு பார்ப்பதும், அதில் வாழ்வதும், அதனைவிட்டு நீங்குவதும் பாடநூலில் இல்லாத பாடங்கள். நான் சில ஆண்டுகள் ஆசிரியனாகக் குடியிருந்த நாகப்பட்டினத்தையே இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பழமையும் கடலும் சேர்ந்த சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் வீடுகள் படும் பாட்டை அந்நகரம் நன்கு விளக்கும்.

நாகப்பட்டினத்தின் கிழக்கே வங்கக் கடல், வடபால் நாகூர், தென்பால் வேளாங்கண்ணி. இவ்வூரின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெளிவாகும். இங்கே வந்து தங்கியவர்களுள் பலர் வேற்று நாட்டார். ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், முதலாம் இராசராசன் ஆட்சிக் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தையின் பெயரால் இங்கே சூளாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினார். தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெருங்கோயில் எடுத்த அதே சோழ வேந்தன், அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என்று அறிஞர் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. குடிவந்தவர் நிலக்கிழாருக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கு. இங்கோ நிலத்துக்கு உரியவனே குடிவந்தவருக்கு வருவாய் கொடுத்தான்!

பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்து தங்கினர். 1658இல் ஒல்லாந்தர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையில் தமக்கிருந்த தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியது. இவர்களுள் ஒவ்வொருவரும் தம்மை உரிமையாளர் என்றே எண்ணியிருந்தனர். காலம் அவர்கள் எல்லாரையும் குடிக்கூலிக்காரர்களாகவே நடத்தி அனுப்பிவிட்டது.

சூளாமணி விகாரம் என்னவாயிற்று? அதன் எஞ்சிய பகுதி என்று கருதப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. கடலில் வருவோர்க்கு அது கரை காட்டும் அடையாளமாய் இருந்தது. ஆயினும் அதில் வழிபடுவோரும் இல்லை, வாழ்வோரும் இல்லை. சிதைந்து நின்ற அக்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதே மண்ணில் காயாரோகணர் கோயில் நிற்கிறது. நாகூர்த் தர்கா நிற்கிறது. அங்கே நாள்தோறும் விளக்கேற்ற ஆள் உண்டு. ஒழுக்கு விழுந்தால் அதனைக் கண்டு சொல்லவும் ஆள் உண்டு. கல்லும் செங்கல்லும் தம் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. புழங்குவோர் இல்லாத கட்டடம் காலத்தின் முன் அனாதையே. வீட்டுக்கும் விதி இதுதான்.

இனிக் குடிக்கூலி எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில்வேத் தொழிற்சாலை இங்கே நடைபெற்றது. துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறுவோர் வந்துபோயினர். தொழிலாளரும் எழுத்தரும் வணிகரும் தங்க வீடுகள் வேண்டியிருந்தன. 1920களின் இறுதியில் தொழிற்சாலை திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்குப் போயிற்று. அதனோடு குடும்பங்களும் போயின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயணிகள் கப்பலும் நின்றது. வீடுகள் அப்படியே இருந்தன, குடிவருவோர் குறைந்தனர். பின்னர் 1991ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் நாகப்பட்டினம் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அலுவலகங்கள் வந்தன, அலுவலர் வந்தனர், நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவுகளும் திறந்தன. 2023 அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டபோது, துறைமுகத்தை ஊர்மக்கள் மீண்டும் நம்பிக்கையோடு நோக்கினர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? குடிக்கூலி ஏறியபோது வீட்டின் சுவர் ஓரங்குலமும் தடிக்கவில்லை. இறங்கியபோது அறை ஒன்றும் சுருங்கவில்லை. குடிக்கூலியின் பெரும்பகுதி வீட்டின் விலையன்று, ஊரின் விலை. பாதையும் துறையும் பள்ளியும் மருத்துவமனையும் அமைந்ததால் வந்த விலை. எனவே கூடுதல் கூலி பெறும் உரிமையாளர், அதில் ஒரு பங்கை வீட்டின் பழுது பார்க்கச் செலவிடுவது அறமேயன்றி அருளன்று. அங்ஙனமே, கூலி கொடுத்துவிட்டோம் என்பதனால் வீட்டைச் சிதைக்கும் உரிமை குடியிருப்பவருக்கு வந்துவிடுவதில்லை.

கடற்கரையூரில் வீடு பார்க்கச் செல்வோர் எதனைப் பார்க்கவேண்டும்? முதலில் காற்றைப் பார்க்கவேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் இது தலைகீழாகிறது. ஆகவே கிழக்கே சாளரமும், அதற்கு நேரே மேற்கே வாயிலும் உள்ள வீட்டில் கோடையின் கொடுமை பாதியாய்க் குறையும். பழைய தஞ்சை நாட்டு வீடுகளில் திண்ணை, இரேழி, முற்றம், கூடம், கொல்லைக் கதவு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். தெருவில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு தெரியும். காற்றுக்கு வழிவிட்ட கட்டட முறை அது.

அடுத்துச் சுவரின் அடியைப் பார்க்கவேண்டும். கடற்கரை மண்ணில் உப்பு உண்டு. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும்போது உப்பும் உடன் ஏறுகிறது. ஈரம் காற்றில் உலர்கிறது. உப்பு மட்டும் பொடிப்பொடியாய்ப் படிந்து, பூச்சை வெளியே தள்ளுகிறது. இதனையே சுவர் உப்புப் பூக்கிறது என்கிறோம். பழைய வீடுகள் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசப்பட்டவை. சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் உண்டு. உட்புகுந்த ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். உதிர்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசினாற் போதும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் சுவர் சில காலம் அழகாகத் தோன்றும். ஆனால் ஈரம் வெளிவர வழியின்றி உள்ளேயே நின்று, மேலும் உயர ஏறும். புதிய காங்கிரீட்டு வீடுகளுக்கு வேறொரு நோய். உப்பு உட்சென்று இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால், கூரை வெடித்துச் சில்லுச் சில்லாய் விழுகிறது. ஆகவே சாயம் புதியதா என்று பாராதீர்கள். சுவரடியில் பொடி உதிர்ந்திருக்கிறதா, கூரையில் கம்பியின் போக்கிலே கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நான் குடியிருந்த வீட்டின் கதையை இங்கே சொல்லலாம். அது ஓட்டு வீடு. கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்கு உதிர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் வாழ்ந்தார். "வரும் கூலிக்கு இதற்குமேல் செலவு கட்டாது" என்பது அவர் கருத்து. எனக்கு முன்பு குடியிருந்தவரோ, "நம் வீடா இது, நாம் ஏன் செய்யவேண்டும்?" என்று இருந்துவிட்டார். இருவரும் காத்திருந்தனர், உப்பு காத்திருக்கவில்லை. நான் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி, வேலையை நான் முன்நின்று முடிப்பதாகவும், செலவைக் கூலியில் கழித்துக்கொள்வதாகவும் தெரிவித்தேன். அவரும் எழுத்தில் இசைந்தார். வந்த கொத்தனார் முதியவர். "சிமெண்டு வேண்டாம் ஐயா; உப்பு உள்ளே நின்று தலைக்குமேலே ஏறிவிடும்" என்றார். சுண்ணாம்பும் மணலும் கலந்து, பல நாள் ஊறவைத்துப் பூசினார். நான் மாறுதல் பெற்று அவ்வூரை விட்டபோது அந்தச் சுவர் உறுதியாகவே இருந்தது. சுவர் என் உடைமையன்று. ஆனால் அதனை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் நிறைவு முழுவதும் என்னுடையதே.

மூன்றாவதாகத் தண்ணீர். கடற்கரையூரில் கிணற்று நன்னீர், நிலத்தடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் எடை மிக்கது என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த எடை வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓரடி குறைந்துவிட்டால், காலப்போக்கில் கீழே 40 அடி நன்னீரை இழக்க நேரிடும். அவ்விடத்தில் உப்புநீர் ஏறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. ஆகவே ஒரு வீட்டில் மின்விசைக் குழாயை நாள் முழுதும் ஓடவிட்டால், அடுத்த வீட்டுக் கிணறும் கெடும். கூலி நான் கொடுக்கிறேன், தண்ணீர் என்னுடையது என்று சொல்வது பொருந்தாது. வீட்டுக்கு மதில் உண்டு. நிலத்தடி நீருக்கு மதில் இல்லை.

நான்காவது, மழையும் புயலும். 1952இலும் 1977இலும் அடித்த புயல்களை இவ்வட்டாரத்து முதியோர் மறந்திலர். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. ஐப்பசி பிறப்பதற்கு முன்னரே ஓட்டைச் சரிபார்த்து உடைந்தவற்றை மாற்றிவிடவேண்டும். ஓர் ஓடு உடைந்தால் அதன் விலை சிறிது. அதனை அப்படியே விட்டால் மழைநீர் சட்டத்தை நனைக்கும். சட்டத்திலிருந்து உத்தரத்துக்குச் செல்லும். உத்தரம் உளுத்தால் கூரையே இறங்கும். ஒழுக்கை முதலில் காண்பவர் வீட்டுக்காரர் அல்லர். பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்கும் குடித்தனக்காரரே. அவர் அன்றே சொல்லவேண்டும். சொன்னபின் வீட்டுக்காரர் அன்றே செவிசாய்க்கவேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினையாமல் நாகப்பட்டினத்தைப் பற்றிப் பேச இயலாது. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. சொந்த வீடு, குடிக்கூலி வீடு என்று அலை வேறுபாடு பார்க்கவில்லை. அத்தகைய பேரிடரில் உயிர் பிழைத்தோருக்கு, தாம் எங்கே குடியிருந்தோம் என்று காட்டும் ஒரு துண்டு எழுத்தும் பெருந்துணையாகும். வாய்ச்சொல்லால் குடிபுகுந்தவருக்கு அந்தத் துணை இல்லை. வீட்டில் குடியேறுமுன் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்க என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று சட்டமும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உடன்படிக்கை எழுத்தில் அமையவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்பது அதன் பொதுவிதி. கட்டடத்தின் பெரும் பழுதுகள், வெள்ளையடித்தல் போன்றவை பொதுவாக உரிமையாளரின் பொறுப்பு. குழாய்த் திருகு மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல் போன்ற சிறு வேலைகள் குடியிருப்பவரின் பொறுப்பு. குடிநீர், மின்சாரம் ஆகிய இன்றியமையாத வசதிகளைத் தடுத்து ஒருவரை வெளியேற்ற முயல்வது முறையன்று. உரிமையாளரின் இசைவின்றி வீட்டை மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதும் முறையன்று. மாணவர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும். சட்டம் அறிவது சண்டையிடுவதற்காக அன்று. சண்டை எழாமல் இருப்பதற்காக.

சட்டம் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும். வீடு தேடிச் செல்லும் இளைஞனிடம், கூலி எவ்வளவு தர இயலும் என்று கேட்பதற்கு முன்பே, நீ எந்தச் சாதி, எந்த மதம், என்ன உண்பாய் என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விடை பிடிக்காவிட்டால், "வீடு முன்பே பேசியாகிவிட்டது" என்று கதவைச் சாத்துகிறார்கள். நன்கு படித்து, நல்ல வேலையில் அமர்ந்த என் பழைய மாணவர்கள் சிலர் இவ்வாறு கதவு சாத்தப்பட்டு நின்ற செய்தியை என்னிடம் சொன்னபோது, நான் கற்பித்த பாடமெல்லாம் வீணாயிற்றோ என்று மனம் நொந்தேன். நாகப்பட்டினத்தில் கோயில் மணியும், தர்காவின் தொழுகை அழைப்பும், தேவாலய மணியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் எல்லாச் சமயத்தவரும் செல்கின்றனர்; அக்காலங்களில் தங்குவோர்க்கு இடம் கொடுத்து ஊரார் பொருளும் ஈட்டுகின்றனர். திருவிழாவுக்கு வருபவனுக்குத் திறக்கும் கதவு, ஆண்டு முழுதும் வாழ வருபவனுக்கு ஏன் மூடவேண்டும்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சிவநெறி நின்ற வேந்தன் புத்த நெறியினருக்கு ஓர் ஊரின் வருவாயையே கொடுத்தான். நாம் ஓர் அறையைக் கூலிக்குக் கொடுக்கத் தயங்கலாமா? நாளை உங்களுள் சிலர் வீட்டுக்கு உரியவர்கள் ஆவீர்கள். அன்று இந்தக் கேள்வியை உங்கள் நெஞ்சிலே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிவருவோர்க்கும் கடமை உண்டு. வந்த ஊரின் பழக்கங்களைக் கண்டறிந்து நடக்கவேண்டும். அண்டை வீட்டாரின் பெயரையாவது அறியவேண்டும். கடற்கரையூரில் வள்ளத்துக்குச் செல்வோர் விடியுமுன்னரே எழுகின்றனர். அவர்கள் உறங்கும் வேளையில் நாம் ஆரவாரம் செய்யலாகாது. தெருவிளக்கு எரியவில்லையானால், வாய்க்கால் அடைத்திருந்தால், "நான் இன்னும் ஓராண்டில் போய்விடுவேன்" என்று ஒதுங்காமல், நகராட்சிக்கு எழுதவேண்டும். ஓராண்டு வாழ்ந்தாலும் அவ்வூரின் தண்ணீரைக் குடித்தோம். அதன் தெருவில் நடந்தோம். அந்த அளவுக்கு நாம் அவ்வூராரே.

இறுதியாக, வீட்டைவிட்டு நீங்கும் முறை. ஆணி அறைந்த துளைகளை அடைத்துவிடுங்கள். குழாய் ஒழுகினால் மாற்றிவிடுங்கள். மின்கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் செலுத்திப் பற்றுச்சீட்டை ஒப்படையுங்கள். எந்த ஓடு மழைக்கு ஒழுகும், எந்தக் கதவு ஈரக்காற்றில் உப்பி இறுகும், கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்து வருபவருக்காக வைத்துச் செல்லுங்கள். அந்தத் தாளுக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒரு குடும்பம் அதனால் முதல் மழையிலேயே நன்மை பெறும். வீட்டைப் பெருக்கி, விளக்கை அணைத்து, சாவியை உரியவர் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து செல்லுங்கள். அந்த வீட்டை 'எங்கள் வீடு' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.